கப்டன் காட்டிய மேற்கு

கரைக்கு இறங்கும் பாதையில் நாங்கள் வேகமாக நடந்துகொண்டிருந்தோம். என் தோளில் மண்வெட்டி, நடராசாவின் கையில் வெறும் வாளி. எங்களுக்குப் பின்னால், தென்னைகள் முடிந்து தாழம்புதர் தொடங்குகிற இடத்தில், சற்று முன் மூடிய இஸ்மாயில் காக்காவின் கபுர். அதன் மேல் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதற்குள் கப்பலில் சாப்பாட்டு மணியை அடித்துவிட்டார்கள்.

வழக்கமாக அந்த மணியை அடிப்பவன் நான். கப்பலின் சமையல்காரன். அன்று கப்டனே அடித்தார். பறவை பார்க்கப் போன பயணிகள் திரும்பிவிட்டார்கள், அவர்களுக்குப் பசிக்கிறது என்று அர்த்தம்.

"திரும்பிப் பாக்காத மச்சான், நட," என்றான் நடராசா. "அந்தாள் இன்னொருக்கா அடிச்சா மணியப் புடுங்கிக் கடலுக்க போட்டிருவன்."

அந்தத் தீவில் மனிதர் இல்லை. சீஷெல்ஸின் பெரிய தீவுகளை விட்டு ஆபிரிக்காப் பக்கமாகத் தென்மேற்கே பல நாள் பாய் விரித்துப் போனால் சிதறிக் கிடக்கும் சின்னத் தீவுகளில் அதுவும் ஒன்று. பறவையும் ஆமையும் தேங்காய் நண்டும்தான் அங்கே குடியிருந்தன. அவற்றைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களை இரண்டு பாய்மரமுள்ள ஒரு சின்னக் கப்பலில் ஏற்றித் தீவு தீவாகக் காட்டுவது கப்டனின் தொழில். அவருக்கு எந்த நாடு என்று கேட்டால், கடல் என்று சொல்லிச் சிரிப்பார். பயணிகளுக்கு அந்தப் பதில் மிகவும் பிடிக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், நிம்மதியாக இருக்க முடியாத காலம். நான் அதற்கு முன்பும் ஊரில் நிம்மதியாக இருந்தவன் இல்லை. கல்முனையில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சவளக்கடையில் வயல் காவல், கோமாரியில் தேங்காய் உரிப்பு, கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி சுடுவது என்று அலைந்தேன். பழுது பார்க்க வந்த இந்தக் கப்பலுக்கு ஆள் தேவைப்பட்டபோது என்னை இழுத்துக்கொண்டு போனவர் இஸ்மாயில் காக்கா. சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை இழுத்து வளர்ந்தவர், அண்ணன் என்ற அர்த்தத்தில்தான் காக்கா, எனக்கு உறவில்லை. எஞ்சின் பார்க்கும் நடராசாவுக்கு வினாயகபுரம். ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் தெரிந்திருக்கவே மாட்டோம். கப்பலில் நாங்கள் மூன்று பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம்.

இஸ்மாயில் காக்கா இறந்த விதத்தைச் சொல்கிறேன்.

கப்பலில் ஒரு ஏற்பாடு இருந்தது. தீவுகளின் கரையோரம் முழுக்கப் பவளப்பாறை. சின்னப் படகு முழங்கால் தண்ணீரில் தட்டி நின்றுவிடும். பயணிகளின் சப்பாத்தும் கமராவும் நனையக்கூடாது. ஆகவே நாங்கள் இறங்கி, ஒவ்வொருவரையும் முதுகில் சுமந்து மணலில் விடவேண்டும். இது இந்தத் தீவுகளின் பழைய வழக்கம் என்று கப்டன் அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார். மனிதரே இல்லாத தீவில் யாருடைய வழக்கம்?

"நம்மட ஊர்ல மையத்தத்தான் மனே தூக்கிக்கிட்டுப் போவம்," என்பார் இஸ்மாயில் காக்கா. "இதுகள் உசிரோட ஏறிக்கிட்டுச் சிரிக்குதுகள்."

அடக்கியதற்கு முந்தின நாள் அவர் முதுகில் இருந்தது பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வயதான பெண். நாங்கள் அவரைத் தொப்பி நோனா என்போம். தண்ணீரில் கல்லைப் போலக் கிடக்கும் ஒரு நச்சு மீன் உண்டு. முதுகில் முள். காக்கா வெறுங்காலால் அதை மிதித்துவிட்டார். மிதித்தவர் கத்தவில்லை. நோனாவை ஈரம் படாமல் மணலில் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நான் வெந்நீர் வைத்துக் காலை அதில் அமிழ்த்தினேன். கப்டன் வலிக்கு மாத்திரை கொடுத்தார். காலைக்குள் சரியாகிவிடும் என்றார். கால் வீங்கித் தொடை வரை ஏறியது. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். மேல்தட்டில் பாய்த்துணி விரித்துப் படுக்கவைத்தோம். பொழுது சாயும்போது என் கையைப் பிடித்தார்.

"மனே, என்னக் கடல்ல போட உட்டிராத. எங்கட வாப்பாவையும் கடல்தான் கொண்டுபோன. அவருக்கொரு கபுர் இல்ல. எங்க போய் நிண்டு ஓதுற எண்டு உம்மா மவுத்தாகுமட்டும் கேட்டுக்கிட்டே இரிந்தா. என்ன மண்ணுல வையி. முகத்தக் கிப்லாவுக்கு வையி. வேற ஒண்டும் வேணா."

"என்ன கதை காக்கா இது? காலைல எழும்பி பிளேன்டீ குடிப்பீங்க."

"குடிச்சா நல்லம்தான். சீனி கொஞ்சம் கூடப் போடு."

விடிந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

கப்டன் தொப்பியைக் கழற்றி நின்றார். பிறகு கடலில் விட்டுவிடலாம் என்றார். மாலுமிக்கு அதுதான் மரியாதையாம். கண்ணுக்கு முன்னால் கரை தெரிகிறது, எங்கள் மார்க்கத்தில் மண்ணில்தான் வைக்கவேண்டும் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பயணிகள் பறவை பார்த்துத் திரும்பும் வரைக்கும் நேரம் தருகிறேன் என்றார். கடற்கரை மணலில் தோண்டக்கூடாது, அங்கே ஆமை முட்டை இருக்கிறது, உள்ளே போய்த் தோண்டு என்றும் சொன்னார். குளிப்பாட்ட நல்ல தண்ணீர் கேட்டேன். அடுத்த நல்ல தண்ணீர் தூரத்தில் இருக்கிறது, பயணிகளின் குளிப்புக்கே கணக்காகத்தான் இருக்கிறது என்றார்.

கடல் தண்ணீரில் குளிப்பாட்டினேன். மார்க்கத்தில் அதற்குத் தடை இல்லை. தடை இல்லை என்பதற்காக ஒருவன் அப்படிச் சொல்லலாமா? உடலைச் சுற்றும் கபன் துணிக்கு என்னிடம் இருந்தது ஒரு பழைய வெள்ளைச் சாரம் மட்டும். தொப்பி நோனா தன் கட்டிலில் இருந்த வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு வந்து, என்னிடம் நீட்டினார்.

காலை வெயிலை வைத்துத் திசை பார்த்து நானும் நடராசாவும் பவளக் கல்லும் வேருமாகக் கிடந்த மண்ணைத் தோண்டினோம். கப்பலில் வேறு முஸ்லிம் இல்லை. தொழுவித்தவனும் நான்தான், பின்னால் நின்று தொழுதவனும் நான்தான். கிப்லாவுக்கு, அதாவது மக்கா இருக்கும் பக்கத்துக்கு, முகத்தைத் திருப்பி வைக்கும் நேரத்தில் சந்தேகம் வந்தது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. மரங்களுக்கு நடுவில் திசை பிடிபடவில்லை. கப்டன் சற்றுத் தள்ளி நோனாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"கப்டன், மேற்கு எது?" என்று கேட்டேன்.

அவர் சட்டைப்பையில் இருந்த திசைகாட்டியை எடுத்தார். முள் அசைவு நிற்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். "அதோ. சரியான மேற்கு." நோனா அவர் காதருகே ஏதோ சொன்னார். அவரும் மெதுவாகப் பதில் சொன்னார். இரங்கிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் குனிந்தேன். வலது பக்கம் சாய்த்து, முகத்தை மேற்கே வைத்து, கன்னம் மண்ணில் படத் துணியை விலக்கி, மண் மூடி மேலே கல் வைத்தோம். அதற்குள் கப்டன் கப்பலுக்குத் திரும்பி மணியை அடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் சமைத்தது எனக்கு நினைவில்லை. மீன் பொரித்திருப்பேன். பயணிகள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நோனா மட்டும் கரண்டியைத் தொடவில்லை.

அன்று சாயந்தரமே பாய் விரித்தோம். மறுநாள் வேறொரு தீவு. அங்கே ஆள் உட்கார்ந்து போகக்கூடிய அளவு பெரிய தரை ஆமைகள். ஊரில் கோமாரிக் கரையில் முட்டையிட வரும் ஆமைகளைப் பார்த்திருக்கிறேன், அவை இவற்றின் பேரப்பிள்ளைகள் மாதிரித்தான். பயணிகள் மணலில் குப்புறப் படுத்துப் படம் எடுத்தார்கள். ஆமை வந்தால் வழி விடுங்கள், அதன் திசையை மாற்றாதீர்கள் என்று கப்டன் பிரசங்கம் செய்தார். ஒரு ஆமை தவறான பக்கம் திரும்பிப் புதருக்குள் சிக்கிக்கொண்டது. கப்டனும் இரண்டு பேரும் அரை மணி நேரம் பாடுபட்டு அதை வெளியே இழுத்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் விறகு பொறுக்கத் தீவின் மறுபக்கம் போனேன். அங்கே உள்வாங்கிய கடலில் ஒரு பாய்மரத் தோணி நங்கூரம் போட்டு நின்றது. பாய்மரம் நடுவில் பிளந்து, ஆட்கள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். கரையில் சுறாவைக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். வாடை மூக்கைத் துளைத்தது. நான் சலாம் சொன்னேன். அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

கொமொரோஸ் என்ற தீவுகளின் ஆட்கள். கறுத்து ஒல்லியானவர்கள், வெள்ளைத் தொப்பி. மார்க்கச் சட்டத்திலும் நம்மைப் போல ஷாபி மத்ஹபுக்காரர். தோணித் தலைவரை நாகுதா என்றார்கள். அவர் மொம்பாசாத் துறைமுகத்தில் வேலை செய்தவர், என்னளவுக்கு உடைந்த ஆங்கிலம் பேசினார். மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூவோடு தந்தார்கள். எங்கள் வீட்டில் காலையில் தின்கிற அதே சாமான். பயணிகளுக்குப் பாணும் பட்டரும் பரிமாறி அலுத்த கை, அந்தக் கிழங்கை விடவே மாட்டேன் என்றது.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு வரிசை நின்றார்கள். நானும் ஓரத்தில் போய் நின்றேன். அவர்கள் வடக்கே பார்த்து நின்றார்கள். பாவம், திசை தெரியாமல் நிற்கிறார்கள் என்று நினைத்து நான் மேற்கே திரும்பினேன். பக்கத்தில் நின்றவன் என் தோளைப் பிடித்து வடக்கே திருப்பினான். நான் மறுபடி மேற்கே திரும்பினேன். அவன் மறுபடி திருப்பினான்.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. முன்னால் நின்ற நாகுதா திரும்பி வந்தார்.

"என்ன, சூரியனைத் தொழப் போகிறாயா?"

"கிப்லா மேற்குத்தானே?"

"உனக்கு எந்த ஊர்?"

"சிலோன்."

அவர் உட்கார்ந்து மணலில் விரலால் கீறினார். இங்கே மக்கா. இங்கே உன் சிலோன், அங்கேயிருந்து பார்த்தால் மேற்கு. ஆபிரிக்கா இப்படிக் கீழே இறங்குகிறது. நாம் இருப்பது இங்கே, மக்காவுக்கு நேர் கீழே. "உன் ஊரில் மேற்கு. இங்கே வடக்கு, ஒரு விரல் மட்டும் மேற்கே சாய்ந்து. ஊரை விட்டு வரும்போது கிப்லாவையும் மூட்டையில் கட்டிக்கொண்டா வந்தாய்?"

மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். எங்கள் ஊரில் கிப்லா என்றாலும் மேற்கு என்றாலும் ஒன்றுதான். பள்ளிவாசல் மேற்கே பார்க்கும், கபுர் மேற்கே பார்க்கும். மேற்கே கால் நீட்டிப் படுத்தால் உம்மா அடிப்பார். நானும் இஸ்மாயில் காக்காவும் அந்தக் கப்பலில் எத்தனையோ மாதங்கள் சூரியன் விழும் பக்கம் பார்த்தே தொழுதிருக்கிறோம். உயிரோடு இருந்து தெரியாமல் செய்ததை அல்லாஹ் மன்னிப்பான். கபுரில் வைத்ததை?

நாகுதாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"திறக்கவேண்டும்," என்றார். "உடல் குலையும் முன் திறந்து திருப்பவேண்டும்."

அதுவும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் குர்ஆன் ஓதிக்கொடுத்த லெவ்வை பிரம்பால் தட்டித் தட்டிச் சொல்லித்தந்த சட்டம். குளிப்பாட்டாமல் அடக்கினாலும் கிப்லா மாறி அடக்கினாலும் கபுரைத் தோண்ட வேண்டும்.

விறகை அங்கேயே போட்டுவிட்டுப் படகுக்கு ஓடிக் கப்பலில் ஏறினேன். கப்டன் மேல்தட்டில் கடல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். சில பயணிகள் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் போகவேண்டும் என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நீ மேற்கைக் கேட்டாய். நான் மேற்கைக் காட்டினேன்," என்றார்.

"ஏன் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனால் உங்கள் மத விஷயத்தில் நான் தலையிடுவதில்லை, குக். அது என் கொள்கை."

தொப்பி நோனா எழுந்து நின்றார். "அன்றைக்கே நான் இவரிடம் கேட்டேன்," என்றார் என்னைப் பார்த்து. "மக்கா அந்தப் பக்கம் இல்லையே, சொல்லவேண்டாமா என்று. அவர்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரியும், நாம் திருத்தப்போவது மரியாதை இல்லை என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்."

இதைத்தான் நான் இன்று வரை செரிக்க முடியாமல் வைத்திருக்கிறேன். முள்ளுக்கரண்டியை வலது பக்கம் வைத்தால் இந்த மனிதர் எல்லார் முன்னாலும் திருத்துவார். கயிற்றில் முடிச்சு மாறினால் அவிழ்த்து எறிவார். தேநீரை எந்தத் தோள் பக்கம் நின்று ஊற்றவேண்டும் என்று எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பாடம் எடுத்தவர். ஆமை பிழையான பக்கம் போனால் அரை மணி நேரம் மண்ணில் புரண்டு திருப்பிவிடுபவர். கையில் திசைகாட்டி, மேசையில் வரைபடம், அதில் மக்காவும் இருக்கிறது. மாதக் கணக்காக நாங்கள் பிழையான பக்கம் தொழுவதைப் பார்த்திருக்கிறார். இதோ மக்காவை நோக்கித் தொழுகிறார்கள் என்று பயணிகளுக்கு எங்களைக் காட்டியும் இருக்கிறார், பறவையைக் காட்டுவது போல. ஒரு சொல் போதும். 'வடக்கு' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை ஒரு மையத்தின் முன்னால் விழுங்கிவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்.

திரும்பிப் போகலாமா என்று நான் மறுபடி கேட்டேன். ஒரு இரவு ஓட்டம்தான். கப்டன் பயணிகளைப் பார்த்தார். இது ஜனநாயகக் கப்பல், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். நாளைக்குப் போகவேண்டியது பூநாரைகள் இறங்கும் தீவு. திரும்பிப் போனால் பூநாரை இல்லை. யாருக்குப் பூநாரை வேண்டும், கையைத் தூக்குங்கள்.

இறந்த மனிதனின் முகத்தைத் திருப்பலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு ஒருவர் தோள் உயரம் வரை தூக்கினார். அதைப் பார்த்து மற்றவர்கள் தூக்கினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து மன்னிக்கவும் என்றார், கையை இறக்காமலே. நோனாவும், எப்போதும் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுக்கும் ஒரு இளைஞனும் மட்டும் கையைத் தூக்கவில்லை.

"பூநாரைக்கே வெற்றி," என்றேன். கப்டன் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார்.

நான் கீழே போய் என் பையை எடுத்தேன். நடராசா எஞ்சின் அறை வாசலில் எண்ணெய்க் கையோடு நின்றான். மேலே நடந்ததெல்லாம் கேட்டிருக்கிறான்.

"என்ன செய்யப்போறாய்?"

"அந்தத் தோணிக்காரரக் கேட்டுப் பாக்கப் போறன்."

"அவங்க மாட்டம் எண்டா?"

"தீவுல ஆமையோட இரிக்கிறன். நீயும் வாவன் மச்சான்."

"எனக்கு ஊர்ல மூணு பொம்புளப் புள்ளையள்டா. உன்னப் போல சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு வெளிக்கிட ஏலா." உள்ளே போனவன் மண்வெட்டியோடு வந்தான். "இந்தா. கப்பல் சாமான்தான். கேட்டா கடல்ல விழுந்திட்டு எண்டு சொல்லுறன். சரியாத் திருப்பி வையி. திரும்பவும் பிழை உட்டாயெண்டா அந்த மனிசன் எழும்பி வந்து உன்னத்தான் ஏசும்."

"உன்னயும்தான் ஏசுவார். நீயும்தானே தோண்டின."

"எனக்கென்ன தெரியும்? நீ காட்டின பக்கம் நான் வெட்டின. போடா போ. திருக்கோவில் முருகன் துணை."

கரைக்கு என்னைப் படகில் கொண்டுவந்து விட்டவனும் அவன்தான். தண்ணீரில் இறங்கி நானே நடந்தேன். சப்பாத்து போட்டிருந்தேன். கப்பல் சப்பாத்து, அதையும் கழற்றிக் கொடுக்கவில்லை.

நாகுதா நான் சொல்லி முடிக்கும் வரை வெற்றிலை இல்லாத வாயை மென்றுகொண்டிருந்தார். அவர்கள் வீடு அந்தப் பக்கம் இல்லை. பாய்மரம் அரைகுறைப் பழுது. பிடித்த சுறா இன்னும் சரியாகக் காயவில்லை. ஆட்கள் தங்களுக்குள் உரத்துப் பேசினார்கள். ஒருவன் மரத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினான். நாகுதா அவனுக்கு ஏதோ சொல்லிவிட்டு, எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"நீ எங்களிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இது உன் கழுத்தில் மட்டும் இருந்திருக்கும். இப்போது நாங்களும் கேட்டுவிட்டோம். இனி எங்கள் எல்லார் கழுத்திலும் இருக்கிறது. மடையா, காலையிலேயே வந்திருக்கக்கூடாதா?"

சட்டம் அப்படித்தான். ஒரு மையத்துக்குச் செய்யவேண்டிய கடமையை யாராவது செய்யவேண்டும், ஒருவரும் செய்யாவிட்டால் தெரிந்த எல்லாருக்கும் குற்றம். அங்கே யாரும் கையைத் தூக்கவில்லை. பாயைத் தூக்கினார்கள்.

அந்தத் தோணியில் போனதைப் பயணம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. அடியில் எப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே சுறா, கீழே சுறா எண்ணெய், நடுவில் நாங்கள். புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் பாயைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு அறுந்து, பாய் முழுவதும் அடுப்பின் மேல் விழுந்தது. சோற்றுப் பானை கவிழ்ந்து, பாயின் ஓரம் கருகி, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் திட்டினார்கள். பிறகு கருகிய ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு, தரையில் கொட்டிய சோற்றை அள்ளித் தின்றோம். தேங்காய்ப்பால் விட்டு ஆக்கிய சோறு. கப்பலில் கரித்துண்டு ஒன்று தட்டில் கிடந்தால் கப்டன் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். இங்கே கரியையும் சேர்த்தே விழுங்கினோம்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அந்தத் தீவு தெரிந்தது. அலை பெரிதாக இருந்ததால் தோணி கிட்டப் போகவில்லை. நாகுதாவும் இன்னும் மூவரும் நானும் நீந்திக் கரையேறினோம். மண்வெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு நீந்தினேன்.

தேங்காய் நண்டுகள் கபுரின் மேல் மண்ணைப் பறித்திருந்தன. நாங்கள் வைத்த கல்லை அவற்றால் புரட்ட முடியவில்லை. மற்றபடி வைத்தது வைத்தபடி இருந்தது. துணியை நனைத்து மூக்கைக் கட்டிக்கொண்டோம். வாடையைப் பற்றி எழுத விருப்பமில்லை, எல்லா மனிதருக்கும் அதுதான். உடல் குலையவில்லை. நாகுதா குனிந்து பார்த்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ், நேரத்துக்கு வந்திருக்கிறோம் என்றார்.

பழைய குழி வடக்குத் தெற்காகக் கிடந்தது. அதில் வைத்தே முகத்தைத் திருப்ப முடியாது. வலது பக்கம் சாய்ந்து வடக்கே பார்க்க வேண்டுமென்றால் தலை கிழக்கே, கால் மேற்கே வரவேண்டும். பக்கத்தில் குறுக்காகப் புதிய குழி வெட்டினோம். நாகுதா ஒரு தடியை நட்டு, நிழல் நகர்வதைப் பார்த்துத் திசையைக் குறித்தார். பிறகு அதே வேலையை என்னைச் செய்யச் சொன்னார். என் குறியும் அவர் குறியும் ஒன்றாக வந்த பிறகுதான் மண்ணைத் தொட விட்டார்.

துணியோடு தூக்கினோம். நான் கால் பக்கம். மேற்கே கால் வைக்க வேண்டிய இடம் வந்ததும் என் கை இறங்கவில்லை. மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. மேற்கே கால் நீட்டக்கூடாது என்று பிறந்த நாளிலிருந்து பழகிய கை அது. இஸ்மாயில் காக்காவின் கையும் அப்படித்தான் பழகியிருக்கும். மற்றவர்கள் பாரத்தோடு நின்றார்கள்.

"வை," என்றார் நாகுதா.

"எங்கட ஊர்ல..." என்று தமிழில் தொடங்கினேன்.

அவருக்கு மொழி விளங்கவில்லை, விஷயம் விளங்கியது. "இது உன் ஊர் இல்லை. வை."

வைத்தேன். அவர் முதுகுக்கு மண்ணை உருட்டி முட்டுக் கொடுத்தார். நான் துணியை விலக்கி, இஸ்மாயில் காக்காவின் கன்னத்தை மண்ணில் படவைத்தேன். வடக்கே, ஒரு விரல் மேற்கே சாய்ந்து. இந்தத் தடவை ஜனாஸாத் தொழுகைக்கு என் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். நாகுதாவுக்குக் காக்காவின் பெயரும் அவர் உம்மாவின் பெயரும் தேவைப்பட்டன, கபுரின் தலைமாட்டில் உட்கார்ந்து அவரை அழைத்து ஓத. உம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஆதித் தாய் ஹவ்வாவின் மகன் என்று சொல்லலாம், எல்லாரும் அவர் பிள்ளைகள்தானே என்றார். அப்படியே சொல்லி ஓதினார். யாரும் மணி அடிக்கவில்லை. வெயில் இறங்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, நீந்தித் தோணிக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலை நாகுதா என்னை எழுப்பி, தோணியில் சும்மா வருபவனுக்கு இடம் இல்லை, உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். சமைப்பேன் என்றேன். சமைக்க ஆள் இருக்கிறது, தண்ணீர் இறைக்கத்தான் ஆள் இல்லை என்று ஒரு தகர வாளியைக் கையில் தந்தார். தோணியில் அதைவிடக் கீழான வேலை இல்லை. எடுத்துக்கொண்டேன். அடித்தட்டில் இறங்கி, சுறா எண்ணெய் மிதக்கும் தண்ணீரை மொண்டு, மேலே ஏறி, முதல் வாளியைக் காற்று வருகிற பக்கமாக வீசினேன். அவ்வளவும் திரும்பி வந்து என் முகத்திலும், பின்னால் நின்ற நாகுதாவின் வெள்ளைத் தொப்பியிலும் விழுந்தது.

"குருடனே!" என்று அவர் தோணி முழுக்கக் கேட்கக் கத்தினார். "காற்று தெரியவில்லையா? அந்தப் பக்கம்! அந்தப் பக்கம் ஊற்று!"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஊற்றினேன்.